அக்டோபர் 1 வில் பருவம்: இப்போதே தயாராவோம் (மிச்சிகன் வெண்வால் மான்)

வெண்வால் (இழையைத் தொடங்கியவர்)

ஆகஸ்ட் வந்துவிட்டது. மிச்சிகனில் வில்லால் மான் வேட்டையாடும் பருவம் அக்டோபர் 1 முதல் நவம்பர் 14 வரை, அப்புறம் 15 முதல் 30 வரை துப்பாக்கிப் பருவம், டிசம்பர் 1 முதல் ஜனவரி 1 வரை மறுபடி வில். டெட்ராய்ட் சுற்றுவட்டாரத்தில் நம் ஆட்கள் பலர் இப்போது வில் எடுக்கத் தொடங்கியிருக்கிறார்கள், ஆனால் கேள்விகள் எல்லாம் செப்டம்பர் கடைசி வாரத்தில்தான் வருகின்றன. அதற்குள் நேரம் போய்விடுகிறது என்பதால் இந்த இழையை இன்றே போடுகிறேன்.

நான் அழுத்திச் சொல்ல விரும்புவது ஒன்றுதான். வேட்டையில் முதல் அம்பு மட்டுமே உண்டு. மாலையில் கொல்லைப்புறத்தில் அறுபது அம்பு விட்டு, கடைசிப் பத்தும் ஒரே இடத்தில் குத்தி நிற்பதைப் பார்த்து மகிழ்கிறோமே, அந்த நேரத்தில் தோள் சூடேறியிருக்கும், தூரம் கண்ணுக்குப் பழகியிருக்கும், தவறினாலும் அடுத்த அம்பு கையில் இருக்கும். மான் வரும்போது இது எதுவும் இருக்காது. விடியற்காலைக் குளிரில் மணிக்கணக்கில் அசையாமல் உட்கார்ந்து விரல் விறைத்துப்போன நேரத்தில், கனத்த கோட்டுடன், ஒரே அம்பு.

அதனால் இப்போதிலிருந்து காலையில் வேலைக்குக் கிளம்பும் முன் ஒரு அம்பு மட்டும் விடுங்கள். எத்தனை யார்டு, எங்கே பட்டது என்று ஒரு நோட்டில் குறித்துவிட்டு வில்லை உள்ளே வைத்துவிடுங்கள். மாலைப் பயிற்சி தனி, அது உடம்புக்கும் முறைக்கும். ஆனால் எந்தத் தூரத்தில் உங்கள் காலை அம்பு ஒரு 8 அங்குலக் காகிதத் தட்டைத் தவறாமல் அடிக்கிறதோ அதுதான் உங்கள் எல்லை. என் எல்லை 25 யார்டு. அதற்கு அப்பால் எவ்வளவு பெரிய கொம்பு நின்றாலும் நாணை இழுப்பதில்லை.

வில்லையும் இப்போதே பாருங்கள். நாணில் பிசிறு எழுந்திருந்தால் மெழுகு தேயுங்கள், இழை அறுந்திருந்தால் கடையில் கொடுத்து மாற்றுங்கள், ஆகஸ்டில் கொடுத்தால் சில நாளில் கிடைப்பது செப்டம்பர் முடிவில் கொடுத்தால் வாரக்கணக்காகும். புது நாண் போட்டால் கொஞ்சம் நீளும், பீப் (நாணில் குறிபார்க்கும் சிறு துளை) திரும்பும், சைட் (வில்லில் உள்ள குறிகாட்டி) மாறும், எல்லாவற்றையும் மறுபடி சரிசெய்ய வேண்டும், அதற்கும் நாள் வேண்டும். கார்பன் அம்பு ஒவ்வொன்றையும் காதருகே பிடித்து நாலா பக்கமும் லேசாக வளைத்துப் பாருங்கள். நொறுங்கும் சத்தம் கேட்டால் அந்த அம்பை உடைத்து எறிந்துவிடுங்கள், விரிசல் விட்ட கார்பன் அம்பு விடும்போது நொறுங்கிக் கைக்குள்ளேயே இறங்கும்.

புதிய_நாண்

வணக்கம் அண்ணா. ட்ராயில் இருக்கிறேன், எச்1பி விசா. ஆபீசில் எல்லாரும் அக்டோபர் வந்தால் மான் பேச்சுத்தான், எனக்கும் ஆசை வந்து ரேஞ்சில் வாடகை வில்லில் பழகிக்கொண்டிருக்கிறேன். விசாவில் இருப்பவர் வேட்டைக்குப் போகலாமா? உரிமம் எப்படி வாங்குவது? காம்பவுண்டு (கப்பி வைத்த வில்) வாங்கலாமா, கிராஸ்போ (துப்பாக்கி போலப் பிடித்து விசையை அழுத்தி விடும் வில்) வாங்கலாமா? அப்புறம், கூட வேலை செய்பவர் ஒரு மூட்டை மக்காச்சோளம் வாங்கிக் கொட்டினால் மான் தானாக வரும் என்கிறார். அது சரியா?

பரண்மேல்

தம்பி, கடைசிக் கேள்விக்கு முதல் பதில். சோளம் கொட்டாதீர்கள். லோயர் பெனின்சுலா (மிச்சிகனின் தெற்குப் பாதி) முழுக்க மானுக்குத் தீனி போட்டு வேட்டையாடுவது 2019 ஜனவரி 31 முதல் தடை, உடல் ஊனமுற்றவர்களுக்கான சில சிறப்பு வேட்டைகளுக்கு மட்டும் விலக்கு வைத்தார்கள். காரணம் சி.டபிள்யூ.டி. என்ற மூளைநோய். மிச்சிகனின் காட்டு மான்களில் அது முதலில் 2015-ல், லான்சிங் பக்கம் இங்ஹம் கவுண்டியில் கண்டுபிடிக்கப்பட்டது. நோய் வந்த மான் பிழைப்பதில்லை, எச்சில் வழியாகவும் சிறுநீர் வழியாகவும் பரவுகிறது, மண்ணில் ஆண்டுக்கணக்கில் தங்குகிறது. ஒரே குவியலில் இருபது மான் வாய்வைத்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள்.

விசா பற்றி: கூட்டாட்சி சட்டம் தற்காலிக விசாவில் இருப்பவர்கள் துப்பாக்கி வைத்திருப்பதைத் தடுக்கிறது, செல்லுபடியாகும் வேட்டை உரிமம் வைத்திருப்பது அதற்கான விலக்குகளில் ஒன்று. வில்லும் கிராஸ்போவும் அந்தச் சட்டத்தின்படி துப்பாக்கியே அல்ல. ஆகவே வில் வேட்டைக்கு அந்தச் சிக்கல் இல்லை. உரிமத்தில் முதலில் பேஸ் லைசன்ஸ், அதன்மேல் மான் லைசன்ஸ். 1960 ஜனவரி 1 அன்றோ அதற்குப் பிறகோ பிறந்தவர்கள் வேட்டைப் பாதுகாப்பு வகுப்பு முடித்த சான்று காட்ட வேண்டும். வகுப்பு முடிக்க நேரமில்லை என்றால் அப்ரெண்டிஸ் (பழகுநர்) லைசன்ஸ் உண்டு, 21 வயது நிரம்பிய, உரிமம் உள்ள ஒருவர் கூடவே இருக்க வேண்டும். என்னைக் கேட்டால் வகுப்பையே முடித்துவிடுங்கள். டி.என்.ஆர். (மாநில இயற்கைவளத் துறை) ஒவ்வொரு ஆண்டும் வெளியிடும் விதிப் புத்தகத்தையும் ஒரு தடவை முழுதாகப் படித்துவிடுங்கள், விதிகள் மாறிக்கொண்டே இருக்கும்.

காம்பவுண்டா கிராஸ்போவா என்பதில் எனக்குச் சண்டை இல்லை. கிராஸ்போ சீக்கிரம் பழகும், ஆனால் கனம் அதிகம், இரண்டாவது முறை ஏற்ற நேரமாகும். காம்பவுண்டு உடம்பைப் பழக்கக் கேட்கும். இப்போது ஆகஸ்ட், வாரத்தில் நான்கு நாள் ஒதுக்க முடிந்தால் காம்பவுண்டு எடுங்கள், முடியாதென்றால் இந்த ஆண்டு கிராஸ்போவோடு போங்கள், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

ட்ராய்_வில்லாளி

வெண்வால் சொன்ன காலை அம்பு மிக நல்ல முறை. ஆனால் 25 யார்டு என்று எல்லாருக்கும் கோடு போடுவது எனக்கு ஒப்பவில்லை. இன்றைய காம்பவுண்டு வில் நொடிக்கு 280 அடி வேகத்தில் அம்பை அனுப்புகிறது. 80 சதவீத லெட்-ஆஃப் (முழுதாக இழுத்தபின் குறையும் பாரம்) இருந்தால் 60 பவுண்டு வில்லை முழுதாக இழுத்தபின் 12 பவுண்டுதான் கையில் நிற்கும், நிதானமாகக் குறிபார்க்கலாம். மேற்கே கொலராடோ மாதிரி திறந்த வெளிகளில் 40, 50 யார்டு சாதாரணம். பயிற்சி உள்ளவரை ஏன் தடுக்க வேண்டும்?

வெண்வால்

எல்லாருக்கும் கோடு போடவில்லை நண்பரே, அவரவர் நோட்டு போடட்டும் என்றேன். 40-ல் எனக்குள்ள தயக்கம் வில்லைப் பற்றியது அல்ல, மானைப் பற்றியது. கணக்கைப் பாருங்கள். நொடிக்கு 280 அடி போகும் அம்புக்கு 40 யார்டு, அதாவது 120 அடி, கடக்க 0.43 நொடி ஆகும். சத்தம் நொடிக்கு ஏறத்தாழ 1,100 அடி போவதால் நாண் ஒலி 0.11 நொடியில் மானின் காதில் விழுந்துவிடும். மீதி 0.3 நொடி மானுக்குக் கிடைக்கிறது. அதில் ஒரு பங்கு அது திடுக்கிடவே போனாலும் 0.2 நொடி மிச்சம். பாய்வதற்காகக் கால்களை மடக்கி உடம்பைத் தாழ்த்துகிறது, 0.2 நொடியில் தானாக விழும் எந்தப் பொருளும் ஏறத்தாழ 8 அங்குலம் இறங்கும். நெஞ்சுப்பகுதியில் நாம் குறிவைக்கும் இடத்தின் உயரமே கிட்டத்தட்ட அவ்வளவுதான். ஆக நீங்கள் துல்லியமாக விட்ட அம்பு முதுகெலும்புக்கு மேலே போகலாம், அல்லது மான் லேசாகத் திரும்பியிருந்தால் வயிற்றில் படலாம். 20 யார்டில் மானுக்குக் கிடைப்பது 0.16 நொடிதான், அதில் திடுக்கிடுவதற்கே பெரும்பகுதி போய்விடும்.

இங்கே தெற்கு மிச்சிகனில் மான்கள் ஆள் நடமாட்டத்துக்குப் பழகியவை, எந்நேரமும் காதைத் தீட்டிக்கொண்டு நிற்பவை. கொலராடோ மலைச்சரிவு மான் வேறு. தலையைத் தூக்கி உங்கள் பக்கமே உற்றுப் பார்த்துக்கொண்டிருக்கும் வெண்வால் மானை 20 யார்டில் கூட நான் விட்டுவிடுவேன்.

ட்ராய்_வில்லாளி

கணக்கை ஏற்கிறேன். நிதானமாக மேயும் மானும் விறைத்து நிற்கும் மானும் ஒன்றல்ல என்பதுதான் என் பக்கம். மேயும் மான் என்றால் 35 வரை போவேன், அதிலிருந்து இறங்கமாட்டேன். ஆனால் புதிதாக வருபவர்கள் 20-ஐப் பிடித்துக்கொள்ளுங்கள், அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை.

பிராட்ஹெட் (வேட்டைக்கான பிளேடு வைத்த அம்புத் தலை) பற்றியும் சொல்லிவிடுகிறேன். ஃபீல்ட் பாயின்ட்டில் (பிளேடு இல்லாத பயிற்சி முனை) பயிற்சி செய்துவிட்டு அக்டோபர் 1 காலை பிராட்ஹெட்டைத் திருகிக்கொண்டு காட்டுக்குப் போகாதீர்கள். 100 கிரெயின் பாயின்ட்டும் 100 கிரெயின் பிராட்ஹெட்டும் எடை ஒன்றானாலும் ஒரே இடத்தில் போய்ப் படும் என்று உறுதியில்லை. முன்னால் இருக்கும் பிளேடுகள் காற்றைப் பிடிக்கும், வில்லில் சிறு குறை இருந்தாலும் அம்பு விலகும். முதலில் காகிதச் சோதனை: சில அடி தூரத்தில் ஒரு காகிதத்தை விரைப்பாகக் கட்டி அதன் வழியாக அம்பு விடுங்கள், கிழிசல் வட்டமாகவும் இறகு மூன்றின் தடம் சுற்றிலும் சீராகவும் இருந்தால் அம்பு நேராகப் போகிறது. பக்கவாட்டில் நீளமாகக் கிழிந்தால் ரெஸ்ட்டை (வில்லில் அம்பு தங்கும் தாங்கி) மயிரிழை நகர்த்துங்கள், மேலும் கீழுமாகக் கிழிந்தால் நாக் பாயின்ட்டை (நாணில் அம்பு பொருந்தும் இடம்) பாருங்கள். அதற்கப்புறம் 20 யார்டில் ஃபீல்ட் பாயின்ட் ஒன்று, பிராட்ஹெட் ஒன்று என்று மாற்றி மாற்றி விட்டு இரண்டும் சேரும்வரை சரிசெய்யுங்கள்.

மெக்கானிக்கல் (பட்டதும் பிளேடு விரியும்) பிராட்ஹெட் நேராகப் பறக்கும், அகலமாக வெட்டும், ஆனால் விரியவே கொஞ்சம் சக்தியைத் தின்றுவிடும். 50 பவுண்டுக்குக் குறைவாக இழுப்பவர்கள் நிலையான பிளேடு வைத்ததையே வாங்குங்கள். எதுவானாலும் மிச்சிகன் விதிப்படி மானுக்கு விடும் அம்பின் தலை குறைந்தது 7/8 அங்குல அகலம், அம்பு குறைந்தது 14 அங்குல நீளம். பயிற்சிக்கு ஓட்டிய பிளேடு மழுங்கியிருக்கும், வேட்டைக்குப் புது பிளேடு. அம்பின் எடை வில்லின் ஒரு பவுண்டுக்கு 5 கிரெயினுக்குக் கீழே போகக் கூடாது, போனால் அம்பில்லாமல் வெறும் நாணை விட்டதற்குச் சமம், கேம் (வில் முனையில் உள்ள கப்பி) உடையலாம்.

புதிய_நாண்

இவ்வளவு விவரத்துக்கு நன்றி. எத்தனை பவுண்டு வில் வாங்கலாம்? கடையில் 70 எடுங்கள் என்றார்கள்.

வெண்வால்

இந்தச் சோதனையைச் செய்து பாருங்கள். ஒரு நாற்காலியில் உட்கார்ந்து இரண்டு காலையும் தரையிலிருந்து தூக்கிக்கொண்டு, வில்லை வானத்தைப் பார்க்க உயர்த்தாமல் இலக்கை நோக்கியே வைத்து மெதுவாக இழுங்கள். உடம்பு ஆடாமல் முடிகிறதா? அதுதான் உங்களுக்கான இழுப்பு எடை. முடியவில்லை என்றால் 5 பவுண்டு குறையுங்கள், மறுபடி பாருங்கள். நீங்கள் மரத்துப் பரணில் இருக்க, மான் 15 யார்டில் நிற்கும்போது வில்லை மேலே தூக்கி இறக்கி இழுத்தால் அந்த அசைவே போதும், மான் போய்விடும். 45, 50 பவுண்டு வில்லும் கூரான பிளேடும் சரியான இடத்தில் பட்டால் வெண்வால் மானின் நெஞ்சைத் துளைத்து மறுபக்கம் வெளியே வந்துவிடும். இழுக்கும் நீளத்துக்கு, இரண்டு கையையும் விரித்து விரல் நுனிக்கு விரல் நுனி அங்குலத்தில் அளந்து 2.5-ஆல் வகுங்கள், அது ஒரு தொடக்கம், மீதியைக் கடையில் நின்று பார்த்துச் சரிசெய்துகொள்ளலாம்.

பரண்மேல்

இனி நான் ஒரு நீளமான பதிவு போடுகிறேன், தயவுசெய்து தாண்டிப் போகாதீர்கள். ஹார்னஸ், அதாவது மரத்திலிருந்து விழாமல் தாங்கும் பாதுகாப்புப் பட்டை.

மான் வேட்டையில் அடிபடுகிறவர்களில் பெரும்பங்கு மரத்திலிருந்து விழுபவர்கள்தான். உட்கார்ந்தபின் கட்டிக்கொள்ளும் பெல்ட் போதாது, ஏறும்போதும் இறங்கும்போதும் பரணுக்கு மாறும் அந்த ஓர் அடியிலும்தான் விழுகிறார்கள். முழு உடம்பு ஹார்னஸ், கூடவே மேலிருந்து தரைவரை தொங்கும் உயிர்க்கயிறு, அதில் நழுவி ஏறும் முடிச்சு. கால் தரையை விட்ட நொடியிலிருந்து மறுபடி தரையைத் தொடும்வரை அந்தக் கயிற்றோடு இணைந்தே இருக்க வேண்டும். ஏணியில் எப்போதும் மூன்று பிடிமானம். வில்லைக் கையில் பிடித்துக்கொண்டு ஏறவே கூடாது, மேலே உட்கார்ந்து கயிற்றில் இழுத்துக்கொள்ளுங்கள், அம்புகள் க்விவருக்குள் (அம்புக்கூடு) மூடியே இருக்கட்டும்.

ஹார்னஸ் பிடித்துத் தொங்கினாலும் ஆபத்து முடியவில்லை. தொடைப் பட்டை இறுக்கி ரத்தம் காலிலேயே தேங்கும், மயக்கம் வரும். அதற்குத்தான் கால் வைத்து நிற்க ஒரு பட்டை ஹார்னஸோடு வரும், அதை எடுத்துப் பயன்படுத்தத் தெரிந்திருக்க வேண்டும். வீட்டில் தரைக்கு ஓரடி உயரத்தில், பக்கத்தில் ஒருவர் நிற்க, ஒரு தடவை தொங்கிப் பாருங்கள். போன ஆண்டு மரத்திலேயே விட்ட பட்டைகளை நம்பாதீர்கள், வெயிலில் நைந்திருக்கும், அணில் கடித்திருக்கும். போன் சட்டைப் பையில் இருக்கட்டும், தொங்கும்போது பைக்கட்டைத் தொட முடியாது. எந்த மரம், எப்போது திரும்புவேன் என்று வீட்டில் எழுதிவைத்துவிட்டுப் போங்கள். உங்கள் மனைவியோ அம்மாவோ இருட்டில் எந்தக் காட்டில் தேடுவார்கள்?

அரசு நிலத்தில் பரண் போட விதிகள் உண்டு. மரத்தில் திருகும் படி, ஆணி எதுவும் கூடாது. கழற்றக்கூடிய பரணை செப்டம்பர் 1-க்கு முன் வைக்கக் கூடாது, அதில் தரையிலிருந்து படிக்கும்படி பெயரும் முகவரியும், அல்லது ஓட்டுநர் உரிம எண்ணும் இருக்க வேண்டும். ஆட்கள் இருக்கும் கட்டடத்திலிருந்து 450 அடிக்குள் அனுமதியில்லாமல் வில்லும் விடக் கூடாது.

ஓக்மரம்

எல்லாரும் வில்லையே பேசுகிறீர்கள், நான் காட்டைப் பேசுகிறேன். ஆகஸ்டில் சோயா வயலில் மாலை தவறாமல் வரும் கிடாவை (ஆண் மான்) பார்த்து அந்த வயல் ஓரத்திலேயே பரண் போட்டால் அக்டோபரில் வெறும் வயலைத்தான் பார்ப்பீர்கள். செப்டம்பர் தொடக்கத்தில் கொம்பின் மேல்தோல் உரியும், ஒன்றாகத் திரிந்த கிடாக்கள் பிரியும், சோயா இலை மஞ்சளாகும், வெள்ளை ஓக் காய் உதிரத் தொடங்கும். வெள்ளை ஓக் காயில் துவர்ப்புக் குறைவு, சிவப்பு ஓக் பக்கத்திலேயே இருந்தாலும் மான் முதலில் இதைத்தான் தேடும். இப்போதே பைனாகுலரில் மரத்தின் உச்சியைப் பாருங்கள், இந்த ஆண்டு எந்த மரம் காய்த்திருக்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள்.

காற்றுதான் எல்லாவற்றிலும் பெரியது. மானின் மூக்கை எந்தச் சோப்பும் ஏமாற்றாது. ஒரே இடத்தை நம்பாமல் மேற்குக் காற்றுக்கு ஒரு மரம், தெற்குக் காற்றுக்கு ஒரு மரம் என்று இரண்டு இடம் தயாராக வையுங்கள். காற்று ஒத்துவராத நாளில் அந்த மரத்தை விட்டுவிடுங்கள், எவ்வளவு ஆசை இருந்தாலும். மேடு பள்ளமான இடத்தில் இன்னொன்றும் உண்டு, வெயில் ஏற ஏறக் காற்று மேட்டை நோக்கிப் போகும், மாலையில் குளிர்ந்ததும் பள்ளத்துக்கு இறங்கும், மாலையில் பள்ளத்திலிருந்து வரும் மானுக்கு உங்கள் வாடை முதலில் போய்ச் சேரும்.

கிளை வெட்டுவது, பாதை ஒழுங்குபடுத்துவது எல்லாம் ஆகஸ்டுக்குள் முடியட்டும் (சொந்த நிலமோ அனுமதி வாங்கிய நிலமோ என்றால் மட்டும்). பண்ணை நிலத்திலும் அதை ஒட்டிய காட்டிலும் பலகை இல்லாவிட்டாலும் அனுமதியின்றி நுழையக் கூடாது என்பது இங்கே சட்டம். விவசாயியை இப்போதே போய்ப் பாருங்கள், வேட்டை உடுப்பில்லாமல், பகலில். உண்ணி பற்றியும் கவனம், லைம் நோய் இங்கே உண்டு. பெர்மெத்ரின் உடுப்பில் தெளித்துக் காயவைக்கலாம், தோலில் படக் கூடாது, வீட்டில் பூனை இருந்தால் ஈரம் காயும்வரை அண்டவிடாதீர்கள்.

நவம்பர் முதல் இரண்டு வாரம் இணைசேரும் பருவம், கிடாக்கள் பகலிலும் ஓடும். இருக்கிற லீவை அங்கே சேர்த்துவையுங்கள்.

சமையற்கட்டு

நான் வேட்டைக்குப் போவதில்லை, என் வீட்டுக்காரர் போகிறார். கறி என் கைக்கு வருகிறது, அதனால் ஒரு வேண்டுகோள். அக்டோபர் முதல் வாரத்தில் இங்கே வெயில் 70 டிகிரி ஃபாரன்ஹீட் கூடப் போகும். காருக்குப் பின்னால் மானைக் கட்டிக்கொண்டு ஊரைச் சுற்றினால் கறி கெட்டுவிடும். குடலை அங்கேயே எடுத்து, உள்ளே ஐஸ் பை வைத்து, சீக்கிரம் 40 டிகிரிக்குக் கீழே கொண்டுவாருங்கள். ஐஸ் பெட்டியையும் கையுறையையும் இப்போதே வாங்கிவையுங்கள். நோய் வந்த பகுதி என்றால் தலையை டி.என்.ஆர். சோதனைக்குக் கொடுத்து முடிவு வரும்வரை கறியைத் தனியே உறையவைக்கிறோம். சி.டபிள்யூ.டி. உள்ள மான்கறியைச் சாப்பிட வேண்டாம் என்பது சி.டி.சி.யின் (அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம்) அறிவுரை, நாங்கள் அதில் விட்டுக்கொடுப்பதில்லை.

மான் கொழுப்பு வாயில் மெழுகாக ஒட்டும், அதை முழுக்கச் சீவிவிடுங்கள், தசைமேல் உள்ள வெள்ளிச் சவ்வையும். முதுகுத் தசையை மட்டன் மாதிரி குக்கரில் போட்டால் வீண், மிளகு சீரகம் தடவிச் சூடான கல்லில் கொஞ்ச நேரம். தொடைக்கறி கொத்தினால் கோலா உருண்டைக்கு அருமை. முழங்கால் எலும்புக்கறியை ஆட்டுக்கால் பாயா போல நாள் முழுக்க விடுங்கள். அம்பால் எடுத்த மானில் ஈயத் துணுக்கு பயம் கிடையாது, குழந்தைகளுக்குக் கொடுக்க எனக்கு அது பெரிய நிம்மதி.

புதிய_நாண்

அக்கா, கோலா உருண்டை செய்முறையைத் தனி இழையாகப் போடுங்கள். இன்னொரு கேள்வி, அம்பு பட்டதும் என்ன செய்ய வேண்டும்? உடனே இறங்கிப் பின்னால் போகலாமா?

வெண்வால்

போகவே கூடாது. மான் கடைசியாக நின்ற இடத்தையும் ஓடி மறைந்த மரத்தையும் கண்ணால் குறித்துக்கொண்டு பரணிலேயே இருங்கள். அரை மணி நேரம் கழித்து இறங்கி அம்பைப் பாருங்கள். நுரைத்த இளஞ்சிவப்பு ரத்தம் என்றால் நுரையீரல், மான் பக்கத்திலேயே கிடக்கும். கருஞ்சிவப்பு என்றால் ஈரல், சில மணி நேரம் விடுங்கள். பச்சையாகவோ நாற்றமாகவோ இருந்தால் வயிறு, சத்தமில்லாமல் வெளியேறி எட்டு மணி நேரமாவது காத்திருங்கள். துரத்தினால் மைல் கணக்கில் ஓடும், வேதனையில் எங்கோ கிடந்து சாகும், கிடைக்காது. மிச்சிகனில் காயம்பட்ட மானைத் தேடக் கயிற்றில் பிடித்த நாயைப் பயன்படுத்த அனுமதி உண்டு, அப்படி நாய் வைத்திருப்பவர்களின் எண்ணை இப்போதே போனில் சேமியுங்கள். பக்கத்து நிலத்துக்குள் போய்விட்டால் உரிமையாளரைக் கேட்காமல் வேலி தாண்டக் கூடாது. மான் கிடைத்ததும் டேக் (உரிமச் சீட்டு) கட்டி, 72 மணி நேரத்துக்குள் டி.என்.ஆர். தளத்தில் பதிவு.

அதனால்தான் பக்கவாட்டில் நிற்கும் மானுக்கும், லேசாக அப்புறம் திரும்பி நிற்கும் மானுக்கும் மட்டும் அம்பு விடச் சொல்கிறேன். நேரே நம்மைப் பார்த்து நிற்கும் மானுக்கு விடாதீர்கள். உயரத்திலிருந்து விடும்போது கையைத் தாழ்த்தாமல் இடுப்பை மடக்குங்கள், பீப்பும் சைட்டும் ஒரே கோட்டில் நிற்கும். வீட்டு மாடி வராந்தாவிலிருந்து பழகலாம், ஊர்ச் சட்டம் அனுமதித்தால்.

புதிய_நாண்

சரி அண்ணா. வகுப்புக்குப் பதிவு செய்துவிட்டேன், 55 பவுண்டு காம்பவுண்டு பார்த்து வைத்திருக்கிறேன், அந்த நாற்காலிச் சோதனையைக் கடையிலேயே செய்து பார்க்கிறேன். சனிக்கிழமை ரேஞ்சுக்கு யாராவது வருகிறீர்களா?

ட்ராய்_வில்லாளி

நான் வருகிறேன், காலை எட்டு மணிக்கு. பெரும்பாலான ரேஞ்சுகளில் பிராட்ஹெட்டை அனுமதிக்கமாட்டார்கள், இலக்கு கிழிந்துவிடும், அதற்கான ஃபோம் இலக்கை நான் காரில் கொண்டுவருகிறேன், அப்புறம் ஓக்மரம் சொல்லும் விவசாயி நிலத்தில் போய் விட்டுப் பார்க்கலாம், அவர் அனுமதி கேட்டுச் சொல்லட்டும்.

ஓக்மரம்

கேட்டுவிட்டேன், பத்து மணிக்குமேல் வரச் சொன்னார். வைக்கோல் ஏற்ற ஆள் குறைவாம், முதலில் ஒரு மணி நேரம் அதற்குக் கை கொடுப்போம். பூட்ஸ் போட்டு வாருங்கள்.